ஒரே ஒரு பீஸ்... கிடைக்குமா பாஸ்?



செவன்த் செமஸ்டர் ஆரம்பிச்சதும் எல்லா கேம்பஸ்லயும் ஒரு வைரஸ் பரவும். ‘ப்ராஜெக்ட்டுக்கு என்ன மச்சி பண்ணப் போறே?’ங்கற வைரஸ்! நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கு இவ்வளவுன்னு காசு போட்டு, ஏதோ ஒரு பெரிய ஊருக்கு பஸ் ஏறி, ரெடிமேட் ப்ராஜெக்ட்டை அட்டைப்பெட்டியில கட்டிக்கிட்டு வந்துடுவாங்க. ரிப்போர்ட் பைண்டிங்கோட ஃப்ரீ. வைவா அன்னிக்கு எக்ஸ்டெர்னல் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். ‘‘தம்பி, இந்த ஓட்டை ஏன் பதிமூணரை மில்லிமீட்டர்?’’ அவ்ளோதான். நாலு பேரும் ஒரே நேரத்துல சீலிங் ஃபேனைப் பார்ப்பாங்க!

அந்தக் காசுலயே உங்க சொந்த டிசைனை வெளியில கொடுத்துச் செஞ்சு வாங்கலாம்ங்கறதுதான் இந்த வார மேட்டர். முன்னெல்லாம் ‘ஒரு பீஸ்’ வேணும்னு பெரிய கம்பெனி வாசல்ல நின்னா, வாட்ச்மேனே திருப்பி அனுப்பிடுவார். இன்னிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து டிசைன் ஃபைலை அனுப்பினா, கோயம்புத்தூர்லயோ பெங்களூர்லயோ புனேலயோ பிரின்ட் பண்ணி, இல்லேன்னா மெஷின்ல கடைஞ்சு, கூரியர்ல அனுப்பிடறாங்க. இதுக்குப் பேர்தான் ரேபிட் புரோட்டோடைப்பிங். ‘சட்டுபுட்டுன்னு ஒரு மாதிரி செஞ்சு பார்க்கறது’ன்னு நம்ம பாஷையில வச்சுக்கோங்க.

ஆனா ஒரு கண்டிஷன் இருக்கு. பால்கோவா கடையில ‘அரைக் கிலோ’ன்னு சொன்னா மேட்டர் ஓவர். பட்டறையில அப்படி இல்லை. அந்தப் பார்ட் என்ன வேலை செய்யப் போகுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அது தெரியாம ஆர்டர் போட்டா, கரெக்ட்டா வந்த பார்ட்கூட உங்களுக்கு உதவாது!

மகேந்திரகிரி மேட்டர்

ராஜபாளையம், சங்கரன்கோவில், திருநெல்வேலின்னு தெற்கே போய், நாகர்கோவில் ரோட்டைப் பிடிச்சா மகேந்திரகிரி மலை வரும். அங்கேதான் இஸ்ரோவோட ராக்கெட் என்ஜின்களை நெருப்பு வச்சு சோதிக்கிற மையம் இருக்கு. 2024 மே 9-ம் தேதி அங்கே ஒரு என்ஜின் 665 செகண்ட் எரிஞ்சது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டோட நாலாவது கட்டத்துல இருக்கிற பி.எஸ்.4 என்ஜின் அது. ‘அதான் பல வருஷமா பறக்குதே, இதுல என்ன புதுசு?’ங்கறீங்களா? இந்த என்ஜின் த்ரீ-டி பிரின்ட்டர்ல செஞ்சது பாஸ்! செஞ்சதும் இஸ்ரோ இல்லை. விப்ரோ த்ரீ-டிங்கற வெளி நிறுவனம். அதாவது இஸ்ரோவே டிசைனை வெளியில கொடுத்துத்தான் செஞ்சு வாங்கியிருக்கு. நாம கூச்சப்பட என்ன இருக்கு?

கணக்கைப் பாருங்க. பழைய முறையில 14 பாகம், 19 இடத்துல வெல்டிங். புது முறையில ஒரே பீஸ், வெல்டிங்கே கிடையாது. பழைய முறைக்கு ஒரு என்ஜினுக்கு 565 கிலோ உலோகம் தேவைப்பட்டுச்சு. அதுல பெரும்பகுதி கடைஞ்சு, சீவி, வீணாப்போற சமாச்சாரம். புது முறைக்கு 13.7 கிலோ உலோகப் பொடி போதும். தயாரிக்கிற நேரமும் 60 சதவீதம் குறைஞ்சதா இஸ்ரோ சொல்லுது.

இதுல நமக்கு ரெண்டு பாடம் இருக்கு. ஒண்ணு, பழைய டிராயிங்கை அப்படியே பிரின்ட்டருக்கு அனுப்பலை. பிரின்ட் பண்ற முறைக்கு ஏத்த மாதிரி டிசைனையே மாத்தினாங்க. ரெண்டு, எடுத்த எடுப்புல முழு டெஸ்ட்டுக்குப் போகலை. முதல்ல எரிபொருளைத் தெளிக்கிற தலைப்பகுதியை மட்டும் தனியா எரிச்சுப் பார்த்தாங்க. அப்புறம் முழு என்ஜினை நாலு தடவை, நாலும் சேர்த்து வெறும் 74 செகண்ட். அதுக்கு அப்புறம்தான் 665. ராக்கெட் ஆளுங்களே இவ்ளோ நிதானம்னா, ரிவ்யூவுக்கு பத்து நாள் முன்னாடி மொத்த ப்ராஜெக்ட்டையும் ஒரே ஆர்டர்ல கேட்கற நம்மை என்ன சொல்றது? ஹி... ஹி...

நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு

ராக்கெட் போதும், ராஜபாளையம் பக்கம் வருவோம். சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யற விசைத்தறிகள் ஓடுற சத்தம் தெருவுக்கே கேட்கும். ஒரு தறி இன்னிக்கு எத்தனை மீட்டர் ஓடிச்சுன்னு எண்ணிச் சொல்ற கவுண்ட்டர் செய்யறதா வச்சுக்குவோம். தறியோட கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தினா ஒரு ஊடை விழும். அந்த ஷாஃப்ட்ல சுத்துற ஒரு போல்ட் தலை பக்கத்துல வரும்போதெல்லாம் ஒரு சென்சார் எண்ணினா போதும். ஒரு இன்ச்சுக்கு எத்தனை ஊடைன்னு தெரிஞ்சா, வகுத்துட்டா நீளம் ரெடி.

சென்சார் கடையில கிடைக்கும். எம்12 சைஸ், உருண்டையா, உடம்பு பூரா மரை போட்டது. சர்க்கியூட் கிடைக்கும். கிடைக்காதது ஒண்ணே ஒண்ணு. அந்தச் சென்சாரை அந்தத் தறியில பிடிச்சு நிறுத்தற பிராக்கெட். ஏன்னா உங்க தறிக்கு ஏத்த பிராக்கெட்டை உலகத்துல யாரும் செஞ்சு வைக்கலை. அதைத்தான் ஆர்டர் போடணும்.

இப்ப கேள்வி: அந்தப் பிராக்கெட் என்னெல்லாம் தாங்கணும்? தறி அடிக்கிற அடியில நாள் பூரா அதிரும். எண்ணெய் தெறிக்கும். பஞ்சுத் தூசி படியும். பக்கத்துல மோட்டார் சூடு இருக்கும். இதை முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க. அந்தப் பேப்பர்தான் உங்க முதல் டிராயிங்!

எதுல செய்யறது?

பிளாஸ்டிக் பிரின்ட்: பிளாஸ்டிக் கம்பியை உருக்கி, கோலம் போடற மாதிரி அடுக்கடுக்கா இழைக்கிற முறை. இருக்கறதுலயே சீப். இதுக்கான அடிப்படை பேட்டன்ட் 2009-ல காலாவதி ஆனதுக்கு அப்புறம்தான் பிரின்ட்டர் விலை மடமடன்னு இறங்கி, காலேஜ் லேப் வரைக்கும் வந்துச்சு. ஆனா அடுக்குக்கு அடுக்கு ஒட்டற இடம் வீக். விறகு மாதிரி யோசிங்க. நார் போற போக்குல பிளக்கறது ஈஸி, குறுக்கே உடைக்கறது கஷ்டம். இதுவும் அப்படித்தான். இழுவை எந்தப் பக்கம் வரும்னு சொன்னாத்தான், எந்தப் பக்கமா படுக்க வச்சு பிரின்ட் பண்றதுன்னு அவங்க முடிவு பண்ண முடியும். இன்னொண்ணு, எல்லாரும் உபயோகிக்கிற பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே இளக ஆரம்பிச்சுடும். மே மாச வெயில்ல மூடின கார்ல வச்சுட்டுப் போனா, திரும்பி வரும்போது பிராக்கெட் சாஷ்டாங்கமா விழுந்து கிடக்கும்!

நைலான் பொடி பிரின்ட்: நைலான் பொடியை லேசர்ல உருக்கி ஒட்டறது. எல்லாப் பக்கமும் ஓரளவு சமமான பலம் இருக்கும். விலை கொஞ்சம் கூட.

சி.என்.சி. மெஷினிங்: முழு உலோகக் கட்டியைக் குடைஞ்சு எடுக்கறது. பலம், துல்லியம் ரெண்டும் சூப்பர். ஆனா குடையற டூல் உருண்டை. அதனால உள்பக்க மூலையை ஊசி மாதிரி கூர்மையா கேட்டா வராது. அங்கே ஒரு வளைவு கொடுத்தே ஆகணும். ஸ்கிரீன்ல கூர்மையா இருக்குதேன்னு சண்டை போடாதீங்க.

ஷீட் மெட்டல்: தகட்டை லேசர்ல வெட்டி, வளைச்சுக் கொடுக்கறது. சிம்பிள், ஸ்ட்ராங்.

நம்ம பிராக்கெட்டுக்கு எது? அதிர்வு, எண்ணெய், சூடு மூணும் இருக்கு. முதல்ல பிளாஸ்டிக்ல ஒண்ணு பிரின்ட் பண்ணி, ஓட்டை, அளவு எல்லாம் தறியில பொருந்துதான்னு பாருங்க. ஓடறதுக்கு, ரெண்டு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுல ‘ட’ மாதிரி வளைச்ச பிராக்கெட் போதும். சொல்லப்போனா, அதை நம்ம ஊர் பட்டறையிலயே செஞ்சுடலாம். கூரியர் செலவு மிச்சம். எதை வெளியூருக்கு அனுப்பணும், எதை உள்ளூர்லயே முடிக்கலாம்னு பிரிக்கத் தெரியறதும் இன்ஜினீயரிங்தான்.

சைபர்களைச் சேர்த்தா பில் ஏறும்

டிராயிங்ல எல்லா அளவுக்கும் பக்கத்துல ‘கூடக்குறைய 0.01’னு போட்டுடறது நம்ம பசங்களோட வியாதி. பார்க்க பந்தாவா இருக்கும். தலைமுடியோட தடிமனே சுமாரா 0.05-ல இருந்து 0.1 மில்லிமீட்டர்தான். அதுலயும் சின்ன வித்தியாசத்தை எல்லா இடத்துலயும் கேட்டா, அவங்க ஸ்பெஷலா மெஷினை ஓட்டி, ஸ்பெஷலா அளந்து, ஸ்பெஷலா பில் போடுவாங்க!

நம்ம பிராக்கெட்டைப் பாருங்க. அந்த எம்12 சென்சார், உலோகத்தைச் சாதாரணமா 2 மில்லிமீட்டர் தூரத்துக்குள்ள வந்தாத்தான் உணரும். (உடம்பு முழுக்க உலோகத்துல புதைச்சு வைக்கிற டைப்புக்கு இந்தக் கணக்கு.) ‘அய்யய்யோ, அப்ப பிராக்கெட் அளவு துல்லியமா வேணுமே’ன்னு பதறாதீங்க. சென்சார்லயே ரெண்டு நட்டு இருக்கு. மரை ஒரு சுத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும். நட்டைத் திருகியே இடைவெளியை வச்சுக்கலாம். பக்கவாட்டுல நகர்த்த, பிராக்கெட் அடியில உருண்டை ஓட்டைக்குப் பதிலா நீள ஓட்டை வச்சா போதும். எம்6 போல்ட்டுக்கு 6.6 மில்லிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் நீளம். கதை முடிஞ்சுது. மைக்ரானுக்குக் காசு கொடுக்கறதைவிட, நகர்த்திக்கிற மாதிரி ஒரு நீள ஓட்டை எப்பவுமே சீப்!

அந்த எக்ஸ்டெர்னல் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கு. எம்12 உள்ளே நுழையற ஓட்டை 12 மில்லிமீட்டரா இருந்தா மாட்டிக்கும். லூஸா நுழைய ஸ்டாண்டர்டு அட்டவணையில நடுத்தர வரிசை சொல்ற அளவு 13.5. சீலிங் ஃபேனைப் பார்க்க வேண்டாம், அட்டவணையைப் பார்த்தா போதும்.

அப்ப டாலரன்ஸ் எங்கேதான் தேவை? பேரிங் உட்காரற இடத்துல. 608-ங்கற குட்டி பேரிங் பார்த்திருப்பீங்க. உள் ஓட்டை 8, வெளி விட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். நீங்க ஒண்ணும் குறிப்பிடாம ‘22’னு மட்டும் போட்டா, நிறைய பட்டறைகள் பொது டாலரன்ஸைத்தான் எடுத்துக்கும். ஐ.எஸ்.ஓ. 2768 நடுத்தர வகுப்புப்படி அந்த சைஸுக்கு கூடக்குறைய 0.2. அதாவது 21.8-ல இருந்து 22.2 வரை எது வந்தாலும் அவங்க செஞ்சது கரெக்ட்! 22.2 வந்தா பேரிங் கிலுகிலுப்பை மாதிரி ஆடும். 21.8 வந்தா உள்ளேயே போகாது. இந்த ஒரு இடத்துக்கு மட்டும் டைட்டா எழுதுங்க. மத்த இடத்தை விட்டுடுங்க.

நம்ம ஊர் லேத் பட்டறை அண்ணன்கள் இதையே ஒரு வரியில கேட்பாங்க. ‘‘தம்பி, இது கையால இறங்கணுமா, தட்டி இறக்கணுமா?’’ டாலரன்ஸ் சேப்டர் மொத்தமும் அந்தக் கேள்வியில அடங்கிடுச்சு பாருங்க. ஆன்லைன்ல ஃபைல் அனுப்பும்போது அந்தக் கேள்வியைக் கேட்க அண்ணன் பக்கத்துல இருக்க மாட்டார். நீங்களே கேட்டு, நீங்களே பதிலை டிராயிங்ல எழுதிடணும்.

ஃபைல்ல இருக்கற வில்லன்

பிரின்ட்டுக்கு பொதுவா எஸ்.டி.எல். ஃபைல் கேட்பாங்க. அதுல ஒரு வில்லங்கம். அதுக்குள்ள வெறும் நம்பர்தான் இருக்கும், மில்லிமீட்டரா இன்ச்சான்னு இருக்காது. நீங்க இன்ச்ல சேவ் பண்ணி, அவங்க மில்லிமீட்டர்னு படிச்சா, 60 மில்லிமீட்டர் நீளப் பிராக்கெட் 2.4 மில்லிமீட்டர் ஆகிடும். கூரியர் கவரைப் பிரிச்சா உள்ளே கடுகு இருக்கும்! அதனால மெயில்லயே ‘மொத்த நீளம் 60 மில்லிமீட்டர்’னு ஒரு வரி எழுதிடுங்க.

எஸ்.டி.எல்.ல வளைவுகள் எல்லாம் குட்டிக் குட்டி முக்கோணங்களாத்தான் இருக்கும். அதனால மெஷினிங்குக்கு ஸ்டெப் ஃபைல் அனுப்புங்க. கூடவே ஒரு பக்க டிராயிங். எந்த ஓட்டைக்கு டேப் போட்டு மரை வெட்டணும், எந்த ஓட்டை சும்மா நுழையற ஓட்டை, எந்தப் பக்கம் பிசிறு இல்லாம இருக்கணும்... இதெல்லாம் அதுலதான் சொல்ல முடியும். பிளாஸ்டிக் பிரின்ட்ல ஓட்டைகள் பெரும்பாலும் ஒரு பொட்டு சின்னதாத்தான் வரும். கொஞ்சம் கூட்டி வைங்க, இல்லேன்னா ட்ரில் பிட் விட்டுச் சரிபண்ற ஐடியாவோட இருங்க.

‘எவ்ளோ ஆகும்?’

1999-ல அமெரிக்காவுல லாரி லூகிஸ்ங்கறவர் ஆரம்பிச்ச கம்பெனி ஒண்ணு இருக்கு. இன்னிக்கு ப்ரோட்டோலேப்ஸ்னு பேர். பிளாஸ்டிக் பார்ட்டுக்கு அச்சு செய்யறதுல இருந்த இழுவையைச் சாஃப்ட்வேர் வச்சுக் குறைக்கணும்ங்கறதுதான் அவரோட ஐடியா. இன்னிக்கு நிறைய இடத்துல ஃபைல் போட்டதும் கம்ப்யூட்டரே விலை சொல்லிடுது. ஆனா அந்த விலை எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க.

மெஷினிங்ல காசு பாதி நேரம் பொருளுக்கு இல்லை, செட்டிங்குக்கு. ப்ரோக்ராம் எழுதி, ஜாப்பை மெஷின்ல பிடிச்சு, மட்டம் பார்த்து, டூலை மாட்டற நேரம் ஒரு பீஸுக்கும் ஒண்ணுதான், பத்து பீஸுக்கும் ஒண்ணுதான். அதனால முதல் பீஸ்தான் காஸ்ட்லி. எப்பவும் ஒண்ணு, ரெண்டு, அஞ்சுன்னு மூணு விலை கேளுங்க. முடிஞ்சா ரெண்டா வாங்குங்க. ஒண்ணு உடையறதுக்கு, ஒண்ணு ஓடறதுக்கு! பிரின்ட்ல கதை வேற. அங்கே பொருளோட எடையும் மெஷின் ஓடற நேரமும்தான் விலையை முடிவு பண்ணும். உள்ளே முழுசா நிரப்பாம, தேன்கூடு மாதிரி விட்டா விலை இறங்கும்.

ஜி.எஸ்.டி., கூரியர் சேர்த்தா, சேர்க்காமலான்னு கேட்டுக்கோங்க. வெளிநாட்டுல ஆர்டர் போட்டா கஸ்டம்ஸ் டியூட்டியும், அதுக்கான பேப்பர் வேலையும் கூட வரும். விலை சீப்பா தெரிஞ்சு தேதி கைவிட்டுப் போகும். காலேஜ்ல பணம் திரும்பக் கிடைக்கும்னா, முறையான பில் யார் பேர்ல வேணும்னு டிபார்ட்மென்ட்ல முதல்லயே கேட்டுடுங்க. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு நிதி கொடுக்கிற திட்டம் வச்சிருக்கு. அதைப் பத்தியும் உங்க கைடைக் கேளுங்க.

அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

* அட்டையில வெட்டி, அசல் இடத்துல வச்சுப் பார்த்தாச்சா?
* ஸ்பேனர் திருகறதுக்குக் கை போக இடம் இருக்கா?
* மொத்த நீளம், மெட்டீரியல், எண்ணிக்கை மூணும் மெயில்ல எழுதியாச்சா?
* எந்த ஒரு அளவு தப்பினா பார்ட் வேஸ்ட்டோ, அதை வட்டம் போட்டுக் காட்டியாச்சா?
* ரிவ்யூ தேதிக்கு முன்னாடி ரெண்டாவது தடவை செஞ்சு வாங்க டைம் இருக்கா?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். முதல் பார்ட் எதையாவது கத்துக் கொடுத்துட்டுத்தான் போகும். அது தோல்வி இல்லை, அதுக்குப் பேரே புரோட்டோடைப். அந்தப் பாடத்தைப் போட்டு ரெண்டாவது பார்ட்டைச் செய்ய நாள் இல்லேன்னாத்தான் வம்பு.

பார்சல் வந்ததும் உடனே மாட்டிப் பார்க்கத் துடிக்கும். கொஞ்சம் பொறுங்க. முதல்ல வெர்னியர் எடுத்து அளந்து, டிராயிங் பக்கத்துல எழுதுங்க. நீங்க கேட்ட அளவு வராட்டி அன்னிக்கே போட்டோவோட சொல்லுங்க. நீங்க கேட்ட அளவு வந்தும் பொருந்தலைன்னா, டிராயிங்கைத் திறங்க. மாட்டும்போது தறி அதிர்வுக்கு நட்டு கழலாம இருக்க லாக் நட்டு போடறதையும் மறந்துடாதீங்க.

இத்தனையும் செஞ்சா ரெடிமேட் ப்ராஜெக்ட்டைவிட நல்ல மார்க் வருமா? தெரியாது பாஸ். ரெடிமேட் பளபளன்னு இருக்கும், உங்க பிராக்கெட்ல எண்ணெய்க் கறை இருக்கும். ஆனா தறிக்காரர் வந்து, ‘‘தம்பி, இதே மாதிரி பக்கத்துத் தறிக்கும் ஒண்ணு மாட்டிக் கொடுப்பியா?’’ன்னு கேட்டா, உங்ககிட்ட டிராயிங் இருக்கும், அளவுக்குக் காரணம் இருக்கும், எங்கே எவ்வளவுக்குச் செய்யலாம்னு பதிலும் இருக்கும். அட்டைப்பெட்டி ப்ராஜெக்ட்ல இது எதுவும் வராது.

அப்புறம் என்ன? ஒரு வெர்னியரைக் கடன் வாங்குங்க, ஒரு அட்டையை வெட்டுங்க. அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா!